நாலாம் பாகத்துச் சண்டை

சவப்பெட்டிக்கு இடம் போதவில்லை என்று டீவி மேசையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து நகர்த்தினார்கள். இறந்தவரின் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். அவளுடைய அப்பா குனிந்து, கேம் மெஷினின் பிளக்கைப் பிடுங்கப் போனார்.

"புடுங்காதீங்க மாமா," என்றான் கொழுந்தன். "அண்ணன் பாதியில விட்டுட்டுப் போயிருக்காரு. புடுங்கினா அழிஞ்சிடும்."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளே போய்ச் சேர்ந்தாயிற்று, இவனுக்கு விளையாட்டு அழிவதுதான் கவலை. ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது அவளுக்கு. இழவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மாடிக் கட்டடங்களின் இருட்டுப் பொந்துக்குள் கிரீஸும் கையுமாகத் தொங்குவார். பொழுது சாய்ந்தால் வாளும் கேடயமும்தான். தம்பி வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருவரும் சேர்ந்து ஆடினார்கள். ஆடியதைவிட வாதாடியதுதான் அதிகம்.

அந்த விளையாட்டில் நாலு பாகம் வந்திருந்தது. அண்ணனுக்கு இரண்டாம் பாகம்தான் உயிர். அதில் மாவுமில்காரி ஒருத்தியின் தொலைந்த கழுதையைத் தேடிப் போனால், திருடியது அவள் பெற்ற மகனே என்று தெரியவரும். அதை அவளிடம் சொல்வதா மறைப்பதா என்பது ஆடுகிறவன் பாடு. சண்டையும் அப்படித்தான், நிதானம். நீ ஓர் அடி, பூதம் ஓர் அடி. நடுவில் எழுந்து போய்ச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாலும் பூதம் நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்றாம் பாகத்தை இருவரும் ஒற்றுமையாகத் திட்டினார்கள். எங்கே போனாலும் ஓநாய்த் தோல் கொண்டுவா என்றால் என்ன அர்த்தம், நாம் என்ன தோல் வியாபாரியா?

தம்பி நாலாம் பாகத்தின் கட்சி. அதில் கதை ஒப்புக்குத்தான். சண்டைதான் எல்லாம். கண்ணிமைத்தால் தலை போய்விடும், நடுவில் நிறுத்தவும் முடியாது. "மூச்சு வாங்குதுடா, மனுஷன் ஆடற ஆட்டமா இது," என்று அவர் மாதக்கணக்கில் புலம்பினார். புலம்பிக்கொண்டே ஆடினார். ஏனென்றால் இரண்டாம் பாகத்தை ஒருவர்தான் ஆட முடியும், தம்பியோடு பேச வேண்டுமென்றால் நாலாம் பாகம்தான்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தது. கொழுந்தன் மட்டும் அந்த மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் வாடகை நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நேத்து ஆடிட்டிருந்தோம். மூச்சு வாங்குதுடா, இந்தச் சண்டை எனக்கு ஒத்து வரலைன்னாரு. நான் எப்பவும்போல நாலாம் பாகத்தை மட்டம் தட்றாருன்னு நெனச்சேன். உனக்கு வயசாயிடுச்சு, போய் உன் ரெண்டாம் பாகத்தையே கட்டிக்கிட்டு அழுன்னு சொல்லி கட் பண்ணிட்டேன்."

"அப்புறம்?"

"கோவத்துல இருக்காரு, காலையில பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த நாற்காலி மடங்கவில்லை. நேற்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவர் அவள் பக்கம் திரும்பியதும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். மூச்சு வாங்குது. அவள் அவருடைய யூனிஃபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. "சண்டை போட்டா மூச்சு வாங்கத்தான் செய்யும், வேற பாகத்தைப் போடுங்க," என்றாள். அவரும் சரியென்று போட்டார். சட்டையை மடித்து வைத்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது, தலை தொங்கிப் போயிருந்தது.

டாக்டரிடமும், துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அவள் ஒரே பாட்டைத்தான் பாடியிருந்தாள். ஒண்ணுமே சொல்லலைங்க, உட்கார்ந்த மேனிக்குப் போயிட்டாரு.

"உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாரா அண்ணி?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அண்ணன் சாடை அப்படியே இருந்தது. அவளுக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது, வெறுப்பும் வந்தது.

"இல்ல," என்றாள். "உன்கிட்டதான் சொல்லியிருக்காரு."

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் தேற்றவில்லை. நாற்காலியை இரண்டு முறை உதறி மடக்கி, மற்றவற்றோடு சாய்த்து வைத்தாள்.

வெகுநேரம் கழித்து அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்து டீவியைப் போட்டான். இரண்டாம் பாகம். காட்டு நடுவே ஒரு பூதம் கதாயுதத்தைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றது. கீழே, உன் முறை என்று எழுத்து மினுங்கிக்கொண்டிருந்தது.

"அணைச்சிடட்டுமா அண்ணி?"

பூதம் கதாயுதத்தை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவள் பக்கமே பார்த்தபடி நின்றது.