சமீராவின் ஒப்புதல்

மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மண்டிகளுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் சாஃப்ட்வேர் எழுதித் தரும் அந்தக் கம்பெனிக்கு விழுப்புரத்தில் தலைமை ஆபீஸ், திண்டிவனத்தில் ஒரு கிளை. முதலாளி மாசிலாமணி விழுப்புரத்தில் இருந்தார். சமீரா கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டிவனம் போய் வந்தாள். அவள் வேலை டெஸ்டிங்.

எடை போட ஒரு புரோகிராம், பில்லுக்கு ஒன்று, விவசாயியின் போனுக்குச் சேதி அனுப்ப ஒன்று, மூன்றுக்கும் அடியில் பொதுவாக ஒன்று. நாலும் ரெப்போ எனப்படும் தனித்தனிக் கிடங்குகளில் இருந்தன. தனி என்பது பேருக்குத்தான். விழுப்புரத்தில் ஒருவர் பொதுக் கோடில் ஒரு வரியைத் திருத்தினால் திண்டிவனத்து மண்டியில் எடை நின்றுவிடும். அதனால் யார் எதைத் திருத்தி, அதை உள்ளே சேர்க்கச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் போட்டாலும், சமீரா நாலையும் வரிசையாக பில்ட் செய்து, அதாவது ஓடும் புரோகிராமாகக் கட்டி, ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அது உள்ளே சேரும். பாதி நாள் அதிலேயே போய்விடும். உடைந்தாலும் அவளைத்தான் ஏசுவார்கள், தாமதமானாலும் அவளைத்தான்.

இதை மெஷினே செய்யும்படி பண்ணலாம் என்று முதலில் சொன்னவளும் அவளேதான். மாசிலாமணிக்கு யோசனை பிடித்துப்போயிற்று.

"முடிச்சுக் குடும்மா. அப்புறம் எதுக்கு நீ டெஸ்டிங்ல உக்காந்துகினு? டெவலப்மெண்ட்ல போட்டுடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவள் தாய் குல்சும் பீவியிடம் சொன்னாள். துபாயில் கடையில் நிற்கும் அத்தாவுக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

விழுப்புரம் ஆபீசிலிருந்து கலைமதி கூடச் சேர்ந்தாள். கெடார்க்காரி, சமீராவின் வயதுதான். அந்த மழைக்காலம் முழுக்க இருவரும் போனில் பேசிக்கொண்டே எழுதினார்கள். எதைத் தொட்டால் எது உடையும் என்பது சமீராவுக்கு அத்துப்படி. கலைமதிக்குக் கை வேகம். பொங்கலுக்கு முன் வேலை முடிந்தது. பொதுக் கோடில் திருத்தம் வந்தால் மற்ற மூன்றும் தாமே பில்ட் ஆகும். ஒன்று உடைந்தாலும் சிவப்பு விழுந்து திருத்தம் வெளியிலேயே நிற்கும். இந்த ஏற்பாட்டையே யாராவது மாற்ற வந்தால் சமீராவின் ஒப்புதல் வேண்டும் என்று கலைமதி ஒரு விதியும் சேர்த்து வைத்தாள்.

தை மாதத்தில் மாசிலாமணி சமீராவை விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார். சமீரா ரம்ஜானுக்கு எடுத்த புது சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனாள். அவர் டீ வாங்கிக் கொடுத்தார், மெஷினைப் புகழ்ந்தார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டெஸ்டிங்குக்குன்னு தனியா ஆள் வெச்சிக்கறது இனிமே கட்டுப்படி ஆவாதும்மா. இந்த மாசத்தோட நின்னுக்கோ."

டெவலப்மெண்ட் வேலை என்னவாயிற்று என்று கேட்டாள். அதற்குத் தன் அக்கா மகன் பிரவீன்குமாரை எடுத்தாகிவிட்டது என்றார். அவள் டீயைக் குடிக்காமல் எழுந்தாள்.

கலைமதி மாடிப்படியில் காத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே சமீராவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சமீரா இல்லாம இது ஓடுமான்னு கேட்டாரு. ஓடும்னேன். அது நெசந்தானே?"

"நெசந்தான். எதுக்குக் கேக்கறீங்கன்னு நீ திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சமீரா அதற்கு மேல் நிற்கவில்லை. திண்டிவனம் திரும்பும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வெகுநேரம் நின்றது. லாரிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தது. பிரவீன்குமார் போட்டிருந்தான். ஒப்புதல் தருபவர் என்ற இடத்தில் சமீராவின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டிருந்தான். எல்லாச் சோதனையும் பச்சை. அவளுடைய ஒப்புதலுக்காக மட்டும் அது நின்றது. அவள் பெயரை நீக்குவதற்கும் அவள்தான் சரி சொல்ல வேண்டும்.

அவள் அதைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மாசிலாமணி போனில் வந்தார். குரலில் தேன் ஒழுகியது. அவளை விட்டால் வேறு வழியே இல்லை என்று கலைமதி சொல்லிவிட்டாளாம், கொஞ்சம் அழுத்திவிட வேண்டுமாம்.

வேறு வழி இருந்தது. செட்டிங்கில் போய் அந்த விதியைத் தூக்கிவிட்டால் முடிந்தது. அந்த அதிகாரம் கலைமதியிடம் இருந்தது. தெரிந்தேதான் இல்லை என்றிருக்கிறாள். அன்று அவரிடம் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதிலாக இதைக் கொடுக்கிறாள். இதை வைத்து முதலாளியிடம் பேரம் பேசலாம், வேலையைக்கூடக் கேட்டு வாங்கலாம். ஆனால் கேட்டு வாங்கினால் நாளைக்கு அந்த மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில் போய் உட்கார வேண்டும். கலைமதி போட்ட பிச்சை என்ற நினைப்பும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

ஒப்புதல் பட்டனை அழுத்தினாள். அவள் பெயர் போய்விட்டது. கலைமதி மூன்று முறை கூப்பிட்டாள். சமீரா எடுக்கவில்லை.

சித்திரையில் புதுச்சேரியில் வேலை கிடைத்தது. அங்கேயும் டெஸ்டிங்தான். அங்கேயும் ஒன்றையொன்று நம்பி நிற்கும் ரெப்போக்கள், அங்கேயும் எல்லாவற்றையும் கையால் பில்ட் செய்து பார்க்க ஓர் ஆள். பழைய கம்பெனியில் என்ன செய்தாய் என்று கேட்டபோது, டெஸ்டிங் என்று மட்டும் சொன்னாள்.

ஒருநாள் டீம் லீடர் பிரபாவதி அலுப்போடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"டெய்லி இப்படிக் கையால பண்ணிக்கினு இருக்கியே, பேஜாரா இல்ல? இதெல்லாம் தானா ஓடற மாதிரி பண்ண முடியாதா சமீரா?"

சமீரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடியாதுங்க மேடம்" என்றாள். "நம்ம கோடுக்கு அது ஒத்து வராது."

பிரபாவதி நம்பிக்கொண்டு போனாள். சமீரா அடுத்த பில்டை ஓடவிட்டாள்.