சேர் அண்ணன் போயிட்டாரு

பெட்டியில் வைக்கப்போகும் கணவருக்குக் கோட்டு மாட்டிவிட்டு, பொத்தான் போடுகிற சாக்கில், யாரும் பார்க்காத நேரமாக அந்தச் சாவியை உள்பாக்கெட்டில் போட்டுவிட்டாள் அவள். ஆலயத்துக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கியிருக்கும் சேர் ரூமின் சாவி. அவரோடேயே போய்த் தொலையட்டும். வீட்டில் கிடந்தால் நாளைக்கு மகன் கைக்கு வரும். அவனும் அப்பனைப் போலவே இளகின மனசுக்காரன், யார் கூப்பிட்டாலும் ஓடுவான். புதிதாக வந்திருக்கும் மருமகளும் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடியே ஆயுசைக் கழிக்க வேண்டுமா? போதும் சாமி, ஒரு வீட்டுக்கு ஒருத்தி போதும்.

தொழில் தையல். ஆனால் சபையில் யாருக்கும் அவர் டெய்லர் இல்லை, சேர் அண்ணன். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், சட்டையைப் பாதியில் மெஷினிலேயே விட்டுவிட்டு, சபையின் மடக்குச் சேர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். போதகர் போய்ச் சேருவதற்குள் இவர் அங்கே துண்டால் ஒவ்வொரு சேராகத் துடைத்துப் போட்டுக்கொண்டிருப்பார். "துக்கத்துல நிக்கிறவங்களுக்குக் கால் வலிக்காதா? ஆண்டவருக்கு என்னால முடிஞ்சது இதான்" என்பார். வீட்டில் ஒருத்தி நிற்கிறாளே, அது மட்டும் மகராசனுக்குக் கண்ணில் படாது.

அன்று காலை விடிந்ததும் போதகர் வீட்டுக்கு ஃபோன் போட்டவளும் அவள்தான்.

"அம்மா, அவரு போயிட்டாரும்மா."

"அதுக்குள்ளயா?" என்றாள் போதகரின் மனைவி. "எங்களுக்கே இன்னும் சேதி வரலையே! யார் வீட்டுல சாவு?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "எங்க வீட்டுலதாம்மா."



இப்போது வீடு கொள்ளாத கூட்டம். அத்தனை பேரும் நின்றார்கள். சாவு வீடு என்றால் சேர் தானாக முளைக்கும் என்று பழகிப்போன ஜனம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முழித்தது. கேட்க வாயெடுத்தவர்களும், பெட்டிக்குள் படுத்திருப்பவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மகன் அவள் காதருகே குனிந்தான். "அம்மா, சேர் ரூம் சாவியைக் காணோமே. அப்பா எங்க வைப்பாரு?"

"எனக்கென்ன தெரியும்? உங்கப்பாகிட்டயே கேளு."

அவன் முகம் வாடிப்போய் நகர்ந்தான்.

அப்போது பேக்கரிக்காரரின் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தாள். போன வருஷம்தான் அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள். முட்டி வலி வேறு. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"அன்னிக்கு எங்க வீட்டுல, பெட்டிகிட்ட எனக்கு ஒரு சேர் போட்டாரு அண்ணன், அக்கா. அதை ஒட்டி இன்னொண்ணும் போட்டாரு. இது யாருக்குண்ணேன்னு கேட்டேன். 'உன்கூட உட்கார யாராச்சும் வருவாங்கம்மா'ன்னாரு. சும்மா ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். அன்னிக்குப் பூரா அந்தச் சேர் காலியாவே இல்லக்கா. ஒருத்தர் எந்திரிச்சா இன்னொருத்தர்."

இதை அவர் ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. பாவி மனுஷா, ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் துணைக்கு ஆள் வெச்சியே, எனக்கு யாரைய்யா வெச்சே? எதிரே பேக்கரிக்காரர் மனைவியின் கால்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

அவள் கணவரின் கோட்டுக்குள் கையை விட்டாள். அவர் மார்பு சில்லென்றிருந்தது. சாவியை வெளியே எடுத்து மகனிடம் நீட்டினாள்.

"இந்தா. ஆனா ஒண்ணு. இதை எடுத்துக்கிட்டு எங்க போனாலும் உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போகணும். வீட்டுல உட்கார வெச்சே, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்."

"சரிம்மா."

மருமகள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

வண்டி திரும்பி வந்ததும் இருவரும் ஆளுக்கு இரண்டாகத் தூக்கி வந்து வரிசையாகப் போட்டார்கள். பேக்கரிக்காரர் மனைவியை முதலில் உட்கார வைத்தார்கள். மகன் பெட்டியின் தலைமாட்டில் அம்மாவுக்கு ஒன்று போட்டான். போனவன் திரும்பி வந்து, அதை ஒட்டி இன்னொன்றை விரித்தான்.

"இது யாருக்குடா?"

"தெரியலம்மா. அப்பா இப்படித்தான் போடுவாரு."

அவள் உட்கார்ந்தாள். பக்கத்துச் சேரில் தூசி படிந்திருந்தது. முந்தானையை இழுத்து அதை அழுந்தத் துடைத்துவைத்தாள்.