அம்மா எடுத்த அட்டெண்டன்ஸ்

வெளிநாட்டுக்கு வந்தபின் சமையலறை மேசைதான் பள்ளிக்கூடம், அம்மாதான் டீச்சர். தட்டில் கரண்டியால் தட்டினால் மணி அடித்தாயிற்று. அட்டெண்டன்ஸ் எடுக்காமல் அவளுக்கு வகுப்பு ஓடாது. இருப்பதென்னவோ ஒரே மாணவி!

"நான் மட்டும்தானா? எல்லாரையும் கூப்பிடும்மா" என்று சிணுங்கினாள் மகள்.

இந்தக் கூத்தையும்தான் பார்ப்போமே என்று, ஊரில் விட்டுவந்த பிள்ளைகளை அழைத்தாள் அம்மா.

"பெரியம்மா பையன்?"

"வரலை."

"மாமா பொண்ணு?"

"வரலைம்மா."

"சித்தி வீட்டு வாலு?"

"அவனும் வரலை."

அதற்குமேல் கூப்பிடாமல் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"நான் கூப்பிடறேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள் மகள். "அம்மா?"

அம்மா ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

"அம்மா?"

மகள் கரண்டியால் தட்டில் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"சரி, அம்மாவும் வரலை."