நின்ற இடத்தில் ஓடிய லொறி

பதியுதீனின் மீன் லொறி கல்முனைக் கடற்கரையில் நின்றாலும் அதன் எஞ்சின் நிற்காது. கரைவலைக்காரர் மீனைக் கூறு போட்டு, ஏலம் முடித்து, ஐஸ் அடுக்கி ஏற்றி முடியும் வரைக்கும் அது மேற்குப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு புகை கக்கியபடியே நிற்கும். கூடை தூக்குகிறவர்கள் இருமித் தொலைவார்கள். ஏலம் கூறுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார். பகல் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தாலும் இதே கூத்துத்தான். லொறி வாசலில் ஓடும், மனுசன் உள்ளே சாப்பிடுவார். பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாய்க்குள் ஏசுவார்கள்.

வாய்விட்டு ஏச ஒருவருக்கும் மனம் வராது. காரணம் எல்லாருக்கும் தெரியும். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பதியுதீனின் பழைய லொறி இதே வாசலில்தான் நின்றது. கடல் வருகுது என்று கூக்குரல் கேட்டதும் ஒன்பது வயது மகன் மிஹ்லாரைத் தூக்கி முன்சீற்றில் இருத்திவிட்டுச் சாவியைத் திருகினார். டிக் என்றது, அவ்வளவுதான். குதித்து இறங்கிப் பற்றறி வயரைத் தட்டிப் பார்த்தார், திரும்ப ஏறித் திருகினார். அந்த நேரத்துக்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருந்தால் பள்ளிவாசல் மாடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். தண்ணீர் லொறியையே புரட்டிப் போட்டது. பதியுதீன் தென்னை மரமொன்றிலும் அவருடைய மனைவி ஸாலிஹா மதிலொன்றிலும் சிக்கிப் பிழைத்தார்கள். மூத்தவள் நதீரா சம்மாந்துறையில் மாமி வீட்டில் நின்றதால் தப்பினாள். மிஹ்லாரின் மையித்தைப் பின்னேரம் கண்டெடுத்தார்கள்.

அந்த லொறி பழைய இரும்புக்குப் போனது. பிறகு எப்படியோ இன்னொரு பழைய லொறியை வாங்கி, அதற்குப் புத்தம்புதுப் பற்றறியும் போட்டார். போட்டு என்ன செய்ய, மனம் நம்ப வேண்டாமா? கடலுக்குக் கிட்ட நிற்கிறவரைக்கும் எஞ்சினை நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். அம்பாறை தாண்டினால் அவரும் எல்லாரையும் போலத்தான். செக் பொயின்ற்றில் ஆமிக்காரன் நிறுத்து என்றால் நிறுத்துவார். கடற்கரையில் மட்டும் அல்லாஹ்வே வந்து சொன்னாலும் என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் விழுங்கி, தவ்பா செய்து பாவமன்னிப்புக் கேட்டுக்கொள்வார்.

அதனால் எஞ்சினுக்குக் கேடு என்று அவர் நினைக்கவில்லை. லொறிக்காரர் பாதிப்பேர் நினைப்பதில்லை. நிறுத்தி நிறுத்தி எடுப்பதுதான் எஞ்சினைத் தின்னும், நின்ற இடத்தில் ஓடுகிற எஞ்சின் களைப்பாறுகிறது என்றே ரோட்டில் பேசிக்கொள்வார்கள். அதோடு அவரிடம் ஓர் அத்தாட்சியும் இருந்தது. ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதே இல்லை. மற்ற லொறிகள் ஒயில் குடிக்கின்றன, என்னுடையது ஒரு சொட்டுக் குடிக்காது என்று பெருமை வேறு.

கிழக்கில் சண்டை ஓய்ந்த அந்த வருடம், மலைநாட்டுக்கு மீன் ஏற்றிப் போகையில் மஹியங்கனை ஏற்றத்தில் லொறி மூச்சு வாங்கத் தொடங்கியது. பின்னால் வந்த பஸ்காரனெல்லாம் ஹோர்ன் அடித்து முந்திப் போனான். பதியுதீன் டீசலில் கலப்படம் என்று எண்ணெய் செட்காரரைத் திட்டினார். பிறகு சைலன்சர் வாயில் கறுப்பாய் எண்ணெய் கசிவதைக் கண்டு, நற்பிட்டிமுனை ரோட்டில் கராஜ் வைத்திருக்கும் இளையதம்பி பாஸிடம் கொண்டுபோனார்.

இளையதம்பி அதிகம் பேசமாட்டார். கம்பியை இழுத்து மூக்கருகே பிடித்தார், பிறகு பதியுதீனின் மூக்கருகே நீட்டினார்.

"காக்கா, ஒயில் குறையல்லதான். கூடியிருக்கு. இதுல கால்வாசி டீசல்."

இளையதம்பி ஆறுதலாக விளங்கப்படுத்தினார். நின்ற இடத்தில் மெல்ல ஓடும் எஞ்சின் நல்லாய்ச் சூடாவதில்லையாம். சூடு காணாவிட்டால் டீசல் முழுக்க எரியாதாம். எரிந்தும் எரியாததுமாய் மிஞ்சுவது கரியாகிப் பிஸ்டன் ரிங்கை இறுக்கிவிடும், மற்றது வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது, பாரத்தோடு ஒருநாள் மிதிக்கும்போதுதான் தெரியும். கொஞ்ச நேரம் ஓடவிடுவதால் ஒரு பழுதுமில்லை, மணித்தியாலக் கணக்கில் விடுவதுதான் வினை என்றார். லொறியை ஒரு கிழமை விட்டுவிட்டுப் போனால் எஞ்சினை இறக்கிச் செய்து தரலாம், அதற்குப் பிறகாவது நிற்கும்போது நிறுத்துங்கள் என்றும் சொன்னார்.

"நிப்பாட்டின எஞ்சின் மறுகா ஸ்டார்ட் வராட்டி? நீங்களா பாஸ் வந்து தள்ளப் போறீங்க?" என்றார் பதியுதீன்.

இளையதம்பிக்கும் அந்தக் காலை நினைவிருந்தது. கடற்கரை வீட்டில் இருந்த தங்கச்சியை அவரும் அன்றைக்குத்தான் பறிகொடுத்தார். அதனால் ஒயிலை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

ஒரு கிழமை லொறி இல்லாமல் கடற்கரையில் குடும்பத்தை வைத்திருப்பதா? பதியுதீன் திரும்ப அந்தக் கராஜ் பக்கம் போகவே இல்லை. எஞ்சின் பழையபடி ஓடியது. சில மாதங்களில் புது ஒயிலும் கம்பியில் மேலே ஏறியது. அவர் கம்பியை இழுத்து அளவைப் பார்ப்பார், துடைப்பார், திரும்பச் சொருகுவார். மூக்கருகே கொண்டுபோக மாட்டார்.

அப்படி இருக்கையில்தான் ஒரு பின்னேரம், அஸர் தொழுது கொஞ்ச நேரத்தில், இந்தோனேசியாப் பக்கம் நில நடுக்கம் என்று ரேடியோ சொன்னது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி எல்லாரையும் மேற்கே போகச் சொன்னது. ஊர் கதிகலங்கிப் போனது. பதியுதீனின் லொறி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளதைச் சொன்னால், அந்த நேரம் அவருக்குப் பயத்தை விடப் பெருமைதான் முந்தி வந்தது. இத்தனை நாள் ஏச்சு வாங்கியது இதற்குத்தானே! ஸாலிஹாவையும் நதீராவையும் முன்னால் ஏற்றினார். ஜன்னலைச் சாத்திய பக்கத்து வீட்டார் முதற்கொண்டு தெருவே பின்னால் ஏறியது. கிழவிகள், கைப்பிள்ளைக்காரிகள், பாய், தலையணை, ஒரு ஆடு. லொறி அசைந்தது. பதியுதீன் கியரைப் போட்டு மிதிமிதியென்று மிதித்தார்.

நற்பிட்டிமுனை ரோட்டில் திரும்பும் வரைக்கும் போனது. அதற்குப் பிறகு கீழே ஒரு தட்டுச் சத்தம். இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம். காலை எடுத்திருக்க வேண்டும், எப்படி எடுப்பார்? இன்னும் மிதித்தார். தட்டல் பெருத்தது, வெள்ளைப் புகை கண்ணை மறைத்தது, லொறி ஒரு குலுக்கலோடு இறுகி நின்றது. வயல் வெளி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது.

பின்னால் இருந்தவர்கள் குதித்து ஓடினார்கள். பதியுதீன் சாவியைத் திருகினார். புதுப் பற்றறியில் ஸ்டார்ட்டர் பலமாகத்தான் உறுமியது, எஞ்சின் அசையவில்லை. திரும்பவும் திருகினார். நதீரா இறங்காமல் வாப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸாலிஹா கதவைத் திறந்து மகளை இழுத்து இறக்கினாள்.

"திருகாதீங்க. இறங்குங்க," என்றாள். அவர் திருகினார். "இந்தப் புள்ளயயும் இதுக்குள்ள வெச்சிக் கடலுக்குக் குடுக்க என்னால ஏலா."

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பதியுதீன் ரோடு வெறிச்சோடும் வரைக்கும் அங்கேயே இருந்தார். பிறகு இறங்கி, கதவைக்கூடச் சாத்தாமல், அவர்கள் போன பக்கம் நடந்தார்.

கடல் வரவில்லை. பொழுது படும் நேரம், எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று யாரோ கைபேசியில் கேட்டுச் சொன்னார்கள். அறுவடை முடிந்த வயலில் கூடியிருந்த சனம் கொஞ்சம் சிரித்தது, கொஞ்சம் அழுதது, பிறகு மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியது. அந்த வழியால் வந்த இளையதம்பி நாளைக்கு உழவு மெசினால் லொறியை இழுக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நதீரா வாய்க்காலில் கால் கழுவப் போனாள்.

பதியுதீன் வரம்பில் குந்தியிருந்தார். ஸாலிஹா பக்கத்தில் நின்றாள். மூன்று வருடமாய் நெஞ்சை அடைத்துக் கிடந்ததை அவர் இப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்.

"நான்தான் அவனக் கொன்னுபோட்டன். இறக்கி உட்டிருந்தா ஓடியிருப்பான்."

ஸாலிஹா கடல் பக்கம் திரும்பினாள்.

"அவன் இறங்கினான்," என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பற்றறியத் தட்டிக்கிட்டு நிக்கக்குள்ள மத்தப் பக்கத்தால இறங்கிட்டான். நான்தான் புடிச்சித் திரும்ப ஏத்தினன். வாப்பா எடுத்திருவாரு, பேசாம ஏறி இருடா எண்டு சொன்னன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உம்மா சொன்னா எண்டுதான் இருந்தான்."

பதியுதீன் வாய்க்கால் பக்கம் பார்த்தார். மகள் இன்னும் கால் கழுவிக்கொண்டிருந்தாள். வரம்பில் கொஞ்சம் தள்ளி இருந்து, ஸாலிஹாவுக்கு இடம் விட்டு, பக்கத்து மண்ணைக் கையால் தட்டினார்.

"இரிகா," என்றார்.

அவள் இருந்தாள்.