வராதவர்களின் மூச்சு

2025 பிப்ரவரி 14, வெள்ளி. இன்று வகுப்பில் ஒரு பிழை செய்தேன். முகாமுக்கு வராத தொழிலாளர்களின் கட்டங்களைக் காலியாக விடாமல் பூஜ்யம் போட்டுவிட்டேன். சராசரி தாறுமாறாக இறங்கிவிட்டது. மேடம் திருத்தினார். இப்போது சரியாகிவிட்டது.

எழுதி முடித்த ஏஞ்சலின், 'சரியாகிவிட்டது' என்பதை இன்னொருமுறை படித்துப் பார்த்தாள். எதையும் இரண்டாம் முறை சரிபார்க்காமல் அவளால் மூடிவைக்க முடியாது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றின் முதலுதவி அறையில் அவளுக்கு வேலை. மாலையில் புதுவாயலில் உயிரியல் புள்ளியியல் வகுப்பு. போன மாதம் கம்பெனியில் வெளியாட்கள் வந்து முகாம் போட்டு, தொழிலாளிகளைக் குழாயில் ஊதவைத்து மூச்சின் பலத்தை அளந்தார்கள். சராசரி மோசமாக இருந்தால் உலைக்கு மேலே புகை உறிஞ்சும் கருவி வைப்பதாக நிர்வாகம் யூனியனிடம் ஒப்புக்கொண்டிருந்தது. கணக்குப் போடும் வேலை ஏஞ்சலினுக்கு வந்தது. பெயர் கிடையாது, டோக்கன் எண்கள் மட்டும். அதையே வகுப்புக்கான ப்ராஜெக்டாகவும் எடுத்துக்கொண்டாள்.

"வராதவன் நெஞ்சுல காத்தே இல்லன்னு போட்டிருக்கியேம்மா, செத்தா போய்ட்டான்?" என்று சந்திரகலா மேடம் கேட்டபோது வகுப்பே சிரித்தது. "தற்செயலா விட்டுப்போயிருந்தா, அவங்கள விட்டுட்டு சராசரி போடலாம்." விட்டுவிட்டுப் போட்டாள். சராசரி அருமையாக வந்தது.

மறுநாள் காலை, ஷிப்டு முடிந்து வந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்த அண்ணன் ஸ்டீவனிடம் இதைச் சிரிப்பாகச் சொன்னாள். அவன் அதே உலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவன் சிரிக்கவில்லை. இருமி முடித்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்.

"நானுந்தான் வரல."

"நீயா? அன்னிக்கு இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"ஊட்ல தூங்கினேன். இருமுறவன்லாம் நாளைக்கு வராதீங்க, ஹாஜர் நான் போட்டுக்கறேன்னு சூப்பர்வைசர் முந்தின நாளே சொல்ட்டாரு. ரகு, சாம்சன், எல்லாருக்கும் லீவு. சும்மா வந்த லீவை எவன்டி வேணாம்பான்?"

"ஏன்ணா சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

ஏஞ்சலினுக்குக் காது மடல் கொதித்தது. அண்ணன்மேல் கோபம், சூப்பர்வைசர்மேல் கோபம். தற்செயல் என்ற சொல்லை வகுப்பில் அழகாக எழுதிக்கொண்டு, அது தற்செயல்தானா என்று கேட்காமல் விட்ட தன்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். ஒருவேளை தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று பஸ்ஸில் போகும்போதே பாடத்தைத் திரும்பப் படித்தாள். தப்பில்லை.

கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி சந்திரமோகன் அவளைப் பார்த்ததும் கை நீட்டினார். "சராசரி ரெடியா? கையெழுத்து போட்டுக் குடும்மா."

"இது தொழிலாளிங்களோட சராசரி இல்ல சார். இருமாதவங்க சராசரி."

"லீவு போட்டா நான் இன்னா பண்றது?"

"லீவு அவங்க போடல. சூப்பர்வைசர வச்சு நீங்க போட்டீங்க. ஹாஜரும் போட்டீங்க."

அவர் முகத்தில் சிரிப்பு வற்றியது. "ஓஹோ, ரெண்டு மாசம் க்ளாசுக்குப் போனதும் டாக்டராயிட்டியா? அந்த டேட்டா கம்பெனியோடது. திருப்பி வாங்கிக்கினா உன் ப்ராஜெக்ட் அம்பேல். பரீட்சை எழுதணுமா, வேணாமா?"

அவள் தாள்களை மேசைமேல் வைத்தாள். "வாங்கிக்குங்க சார். ஆனா என் கையெழுத்து இதுல வராது."

வெளியே வந்து சந்திரகலா மேடத்துக்குப் போன் செய்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஏன் வரலன்னு நீ விசாரிச்சிருக்கணும்," என்றார் மேடம்.

"நீங்களும் கேக்கலையே மேடம். சிரிச்சீங்க."

அதற்கு மேடம், "காலேஜ்ல ஒரு ஊதுற மிஷின் இருக்கு. வந்து எடுத்துக்கோ," என்றார்.

மிஷினோடு வீடு திரும்பியபோது ஸ்டீவன் வாசலிலேயே நின்றான். சூப்பர்வைசர் போனில் கிழித்துவிட்டிருந்தார்.

"எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்கறியா? ஊதினவன் பேரு வெளிய வந்தா, அடுத்த வாரமே கேட்டுக்கு வெளிய நிக்கணும்."

"ஊதாம இருந்தா மட்டும் உள்ள எத்தினி நாள் நிப்ப? மாடிப்படி ஏற முடியல உன்னால. உன் லீவுதான்ணா எனக்கு நல்ல சராசரி குடுத்துச்சு!"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான், இருமல் முந்திக்கொண்டது. அடங்கியதும் சுவரைப் பார்த்தபடி, "பேரும் போடாத, டோக்கனும் போடாத. அப்டின்னா பசங்கள இட்டாறேன்," என்றான்.

அவளுக்குக் கோபம் தணியவில்லை. டைரியை எடுத்தாள்.

பிப்ரவரி 15, சனி. நேற்று பூஜ்யம் போட்டது தப்பு. அதைத் திருத்தியது அதைவிடப் பெரிய தப்பு. நாளை: ஆராதனை முடிந்ததும், முகாமுக்கு வராத எல்லோரையும் ஊதவைத்து அளக்க வேண்டும். ஆளுக்கு மூன்று முறை.