மூன்றாவது மேடு

டெல்பின் முதலில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு மரப்பட்டறைக்குத்தான் வேலைக்கு வந்தாள். குளச்சலில் பிறந்து நாகர்கோவிலில் சிவில் படித்தவள். வில்லாத் தோட்டங்களுக்குப் பந்தல் வரைந்துகொண்டிருந்தாள். ஒருமுறை அந்தப் பட்டறைக்கு மர ரோலர் கோஸ்டர் ஒன்றின் தாங்குகால்களை அறுத்துக் கொடுக்கும் ஆர்டர் வந்தது. வரைபடம் வெளிநாட்டில் போட்டது. இங்கத்திய வெயிலில் மரம் சுருங்கும் அளவுக்கு போல்ட் துளைகளில் இடம் விடவில்லை என்று அவள் கணக்குப் போட்டு எழுதி அனுப்பினாள். ஒரு மாதம் பதிலே இல்லை. பிறகு அந்தக் கம்பெனியின் துபாய் அலுவலகத்திலிருந்து அழைத்து, அவள் சொன்னது சரி என்றார்கள். வேலைக்கு வருகிறாயா என்றும் கேட்டார்கள்.

அங்கே பதினொரு வருடம். நான்கு கோஸ்டர்களில் ஒன்றுக்கு வளைவு, ஒன்றுக்கு இறக்கம், மற்ற இரண்டுக்குத் தாங்குகால்கள் என்று துண்டு துண்டாக வரைந்தாள். ஐந்தாவது, ஜெபல் அலி தாண்டி வரவிருந்த பூங்காவுக்கு. அதற்கு அவள்தான் தலைமை வடிவமைப்பாளர்.

டிசம்பரில் சோதனை ஓட்டம் தொடங்கியது. இருக்கைகளில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை வைத்து மத்தியான நேரங்களில் இருநூறு முறைக்கு மேல் வண்டியை விட்டார்கள். குறையே இல்லை. ஜனவரியில் ஒரு நாள், பனிமூட்டம் இன்னும் விலகாத காலையில், முதல்முறையாக வண்டியைக் காலியாக விட்டார்கள். இரண்டு மேடுகளைத் தாண்டிய வண்டி மூன்றாவதில் ஏறி, உச்சிக்குச் சற்று முன்னால் நின்று, பின்பக்கமாகவே இறங்கிப் பள்ளத்தில் ஆடி ஓய்ந்தது. சைட் சூப்பர்வைசர் லக்சன் யாழ்ப்பாணத்துக்காரன். அவன்தான் போன் செய்தான்.

"ஏறேல்லை அக்கா. திரும்பி வந்திட்டுது."

டெல்பின் இரண்டு நாள் கணக்கைப் பிரித்துப் பார்த்தாள். உராய்வுக்கு அவள் எடுத்திருந்த அளவு, நன்றாக ஓடிப் பழகிய சக்கரங்களில், ஏப்ரல் வெயிலில் அளந்தது. இன்னும் ஓடிப் பழகாத சக்கரமும் குளிரும், ஆளில்லாத வண்டியின் குறைந்த எடையும் சேர்ந்தால் அது இழக்கும் வேகம் அதைவிட அதிகம். அதற்கென்று அவள் விட்டிருந்த உபரி போதவில்லை.

புராஜெக்ட் மேனேஜர் ஃபாரூக் கீழக்கரைக்காரர். சக்கரம் கொடுத்தவர்கள்மேல் பழியைப் போடலாமா என்றுதான் முதலில் யோசித்தார். பூங்கா திறக்க ஆறு வாரமே இருந்தது.

"மத்தியானம் நல்லாத்தானே ஓடுது? காலைல காலியா விடக் கூடாதுன்னு ஒரு ரூல் எழுதிக் குடுத்துடுவோம்."

"தினமும் காலையில காலியா ஓட்டிப் பாத்துட்டுத்தான் சார் கேட்டத் தெறப்பாங்க," என்றாள் டெல்பின். "மேட்ட எறக்கணும். எம்பது சென்டிமீட்டர்."

"யாரு தப்புன்னு கேப்பாங்களே?"

"எனக்க தப்புதான். நானே சொல்லுகேன்."

பாதுகாப்புச் சான்றிதழ் தரவேண்டிய ஆய்வாளர் அப்துல் ஹாதி மறுநாள் வந்தபோது, அவர் கேட்பதற்குமுன்பே அவள் கணக்கை எடுத்து மேசைமேல் விரித்தாள். அவர் முழுவதும் படித்துவிட்டு, திருத்தம் முடியும்வரை வண்டி ஓடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து புதுத் தலைமை வடிவமைப்பாளர் வந்தார். டெல்பினைவிட எட்டு வயது இளையவர். டெல்பின் அவருக்குக் கீழே திருத்த வரைபடங்களைப் போடவேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் அவள் காரை நிறுத்திவிட்டு, மாடிக்குப் போகாமல் அரைமணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் கணவன் டெனிஷ் டூட்டிக்குக் கிளம்பி வந்தவன், கண்ணாடியைத் தட்டினான். விவரம் கேட்டவன், வேலையை விடப்போகிறாயா என்றான்.

"வரஞ்சு முடிக்கணும். பெறவு பாப்போம்," என்றாள்.

லக்சனின் தச்சர்கள் மூன்றாவது மேட்டின் தடப்பலகைகளைக் கழற்றி, தாங்குகால்களின் தலையை அறுத்து, புதிதாகப் பலகை அடுக்கினார்கள். வெயில் ஏறிவிட்டதால் குளிர்காலையைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அதற்குப் பதிலாகப் புதுச் சக்கரங்களைக் குளிரூட்டிய கிடங்கில் வைத்திருந்து, எடுத்து மாட்டிய உடனே வண்டியை விட்டுப் பார்த்தார்கள். காலி வண்டி மேட்டை நிதானமாகத் தாண்டியது. லக்சன் கீழிருந்து கையை உயர்த்திக் காட்டினான். டெல்பின் மேலும் முப்பது முறை விடச் சொன்னாள்; முப்பது முறையும் தாண்டியது.

பூங்கா இரண்டு மாதம் தள்ளித் திறந்தது. விழாவில் புதியவரின் பெயரைத்தான் வாசித்தார்கள். டெல்பின் வேலையை விடவில்லை. அடுத்து ஜித்தாவில் வரும் கோஸ்டருக்கு அவளைத் துணை வடிவமைப்பாளராகப் போட்டிருந்தார்கள். அது அவளுக்கு வருத்தம்தான். டெனிஷிடம் மறைக்கவும் இல்லை.

திறந்த வாரம் மகள் ஜோஸ்மியோடு மூவரும் போனார்கள். டெனிஷ் ஏறமாட்டேன் என்று கீழே நின்றுகொண்டான். தாயும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். இறங்கியதும் ஜோஸ்மி, "மம்மி, ஒன் மோர் டைம்," என்றாள். வரிசை நாற்பது நிமிடம் என்று பலகை காட்டியது. டெல்பின் கைப்பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள்.