மூன்றாவது ஆணியில் தொங்கும் பிஸ்டன்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

புல்வெட்டும் மிஷினைப் பழுதுபார்க்கப் போயிருந்தேன். பட்டறைச் சுவரில் வரிசையாக ஆணிகள். அந்த மெக்கானிக் கழற்றிய உதிரியை எறிவதில்லை. பாலிதீன் பையில் போட்டு, எதனால் கெட்டது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து, மிஷினோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். "நாளைக்கு நான் ஏமாத்திட்டேன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது பாருங்க."

மூன்றாவது ஆணியில் ஒரு பை தூசி படிந்து தொங்கியது. உள்ளே கோடுகோடாகக் கீறல் விழுந்த பிஸ்டன். சீட்டில்: "மரம் அறுக்கும் மிஷின். எண்ணெய் கலக்காத பெட்ரோல்."

"இது யாருது?"

"ஒரு மரம்வெட்டி மேஸ்திரியோடது. மிஷினை எடுத்துட்டுப் போனாரு. பையை மறந்துட்டாராம்." அந்த 'மறந்துட்டாராம்' வரும்போது மெக்கானிக்கின் உதடு ஒரு பக்கமாகப் போனது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "விடியற்காலைப் பனியில் அந்த முதிய மிஷின் காயம்பட்ட சிங்கத்தைப் போல—" அடித்துவிட்டேன். சிங்கமாம்! ஆறு கிலோ இரும்பும் ஒரு சங்கிலியும்.

இரண்டாவது: "மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு என்பது—" என்பதாவது, என் தலையாவது. எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாக் கட்டுரையையும் இப்படித்தான் தொடங்க வைத்தார்கள். பத்துக்கு ஏழு கிடைக்கும்.

மூன்றாவது: "தன் மிஷினுக்குப் பெட்ரோல் ஊற்ற மேஸ்திரி வேறு யாரையும் விடமாட்டார்." இது நிற்கட்டும். கதையே இதில்தான் நிற்கிறது.

அந்த மாதிரி மிஷினுக்கு எண்ணெய் தனியாக ஊற்ற வழி கிடையாது. பெட்ரோலிலேயே அளவாகக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் பிஸ்டன் வறண்டு உரசி, இறுகி, நின்றுவிடும். மேஸ்திரி தகர டின்னில் கலப்பார். கலந்து முடித்ததும் டின்னின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். துணி இருந்தால் கலந்தது, இல்லாவிட்டால் வெறும் பெட்ரோல். இருபது வருடமாக இதே ஏற்பாடு.*

(* இந்த ஏற்பாட்டைப் பற்றி அவர் கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். "படிச்சவன் எழுதி வைப்பான். நமக்குத் துணியே போதும்.")

3

அன்று டின்னின் மூடி சரியாக உட்காரவில்லை. பங்கிலிருந்து வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் பெட்ரோல் தளும்பி அவர் காலை நனைத்தது. வண்டியை நிறுத்தினார். பையிலிருந்த துணியை எடுத்து மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். எந்தத் துணி என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

வேலை நடக்கும் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் துணி கட்டிய டின் அவரைப் பார்த்தது. இருபது வருடப் பழக்கம் கையை நீட்டியது, ஊற்றியது. தான் போட்ட அடையாளத்தை நம்பித் தானே ஏமாறுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

மரத்தில் ஏறி மூன்றாவது கிளையை அறுக்கும்போது மிஷின் ஒருமுறை கீச்சிட்டு நின்றது. ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தால் அசையவில்லை. கீழே, வெட்டிய கிளை வீட்டுக்கூரையில் விழாமல் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி.

மேஸ்திரி இறங்கினார்.

"டேய், நேத்து மிஷினை நீதானே எடுத்த? மழுங்கிப்போன செயினை வச்சுக்கிட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கியிருப்ப!"

"நான் தொடவே இல்ல மாமா."

"நீ தொடல, நான் தொடல, அப்ப பேயா தொட்டுச்சு? கயிறு பிடிக்கிறவன் கயிறோட நின்னுக்கணும். இஞ்சினை நாசம் பண்ணிட்டு மூஞ்சியைப் பாரு! நாளையிலிருந்து வராதே."

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். விறகு அடுக்கிய இரண்டு பேரும் அடுக்குவதை நிறுத்திவிட்டார்கள். மச்சினன் கயிற்றைச் சுருட்டி, ஒரு சிக்கல் விழாமல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனான்.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். நாலு பேர் முன்னால் அவமானப்பட்டவன் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டா போவான்? வீசிவிட்டுப் போவது போலவும் எழுதிப் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை. சுருட்டித்தான் வைக்கிறான்.]

சாயங்காலம் மேஸ்திரி வீட்டில் பையைக் கொட்டினார். இந்த டின்னுக்கென்று வாங்கிய எண்ணெய்ப் புட்டி உருண்டு வந்தது. சீல் உடையவில்லை. துணியைப் பார்த்தார். புட்டியைப் பார்த்தார். புட்டியை அலமாரியின் பின்பக்கம் தள்ளி வைத்தார். அதுவரை அவர் செய்தது மடத்தனம். அலமாரிக்குப் பிறகு நடந்ததற்கு அந்தச் சலுகை கிடையாது.

4

மிஷினை மூன்று வாரம் மூலையில் போட்டுவிட்டுத்தான் பட்டறைக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பிஸ்டன் போயிடுச்சுண்ணே. பிஸ்டன், ரிங், ரெண்டு சீல் மாத்தி, சிலிண்டரைச் சுத்தம் பண்ணினா இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும். இல்ல, புதுசு வாங்கினாலும் தப்பில்ல. எடை கம்மி, செயினுக்குப் பிரேக் இருக்கு, கை மரத்துப் போகாது. நீங்கதான் சொல்லணும்."

"பிரிச்சா... எதனால போச்சுன்னு தெரிஞ்சிடுமா?"

"அதான் சீட்டு எழுதித் தருவேனே."

இருபது வருடமாகப் புது மிஷின்களை 'பிளாஸ்டிக் பொம்மை' என்று காறித் துப்பிய மேஸ்திரி, வீட்டுக்கு வரும் வழியில் பொம்மையின் பக்தராகிவிட்டார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பதெல்லாம் பழைய தலைமுறை. இவர் மீசையையே எடுத்துவிடப் பார்த்தார்.

"புதுசே வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார் மனைவியிடம். "எடை கம்மி. பிரேக் இருக்கு."

"நேத்து வரைக்கும் பொம்மைன்னீங்க?"

"காலம் மாறுதில்ல."

"மாறட்டும். முதல்ல பழசைப் பிரிக்கச் சொல்லுங்க." அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்தச் சீட்டு வரட்டும். என் தம்பி இந்த வாசப்படி மிதிச்சு மூணு வாரமாச்சு. அவன் தப்புன்னு எழுதியிருந்தா, நானே அவனை நிக்க வச்சுக் கேக்கறேன்."

"அவன் தப்பில்லன்னா?" என்று கேட்டிருக்க வேண்டியவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

(மிஷினைச் சரிசெய்வதும் உறவைச் சரிசெய்வதும் ஒன்றுதான் என்று நான் ஒரு பத்தி எழுதுவேன், அதை அடிக்கோடிடலாம் என்று சிலர் பேனாவோடு காத்திருப்பீர்கள். மூடி வையுங்கள். மிஷினுக்குக் கடையில் உதிரி கிடைக்கும்.)

5

முடிவு அ: மேஸ்திரி சீட்டோடு மச்சினன் வீட்டுக்குப் போகிறார். "மாப்ள, தப்பு என்னோடதுடா." கண்ணீர். தழுவல். எழுதிப் படித்துப் பார்த்தேன். இத்தனை வருடம் துணியைப் பற்றிப் பெருமை அடித்த வாயிலிருந்து அந்த வாக்கியம் வரவே வராது. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: கயிறு பிடிக்கப் புது ஆள் வருகிறான், பிடி நழுவுகிறது, மேஸ்திரி மரத்திலிருந்து— வேண்டாம். கதை எழுதுகிறவனுக்குக் கையாலாகாதபோது யாரையாவது கீழே தள்ளிவிடுவான்.

முடிவு இ, ஆணி சொல்வது: பழைய மிஷினைப் பிரித்துக் கட்டச் சொன்னார். மனைவியின் பேச்சைத் தட்ட முடியவில்லை. வேலை முடிந்ததும் மிஷினை எடுத்துக்கொண்டார், பையை விட்டுவிட்டார்.

"சீட்டு எங்கே?"

"பழசையெல்லாம் அந்த ஆளு தூக்கிப் போட்டுட்டானாம்."

"அவரா?" என்றாள். "அவர் எதையும் எறியறதில்லன்னு ஊருக்கே தெரியுமே."

அதற்கு மேஸ்திரி—

இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கிவிட்டேன். அவர் வாயைத் திறக்கிறார், நான் வார்த்தை கொடுக்கிறேன், மூடிக்கொள்கிறார்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். மறைக்க வேண்டும் என்றால் பையை வாங்கிப் போகிற வழியில் சாக்கடையில் எறிந்திருக்கலாமே? எவனும் படிக்கிற இடத்தில் ஏன் விட்டுவிட்டுப் போனார்? அதைத் தொடக்கூட நடுங்கும் கோழைத்தனமா, தான் சொல்லாததை ஆணியாவது சொல்லட்டும் என்ற எண்ணமா? இரண்டாவதை நம்ப ஆசைதான். ஆனால் இந்த ஆளைப் பற்றி நல்லதாக ஒன்றை நம்ப நேரும்போதெல்லாம் எனக்கு அலமாரி ஞாபகம் வருகிறது.

6

என் புல்வெட்டும் மிஷின் தயாராகிவிட்டது. எனக்கும் ஒரு பை கிடைத்தது. சீட்டில்: "ஃபில்டர் துடைத்து ஒரு வருடம் இருக்கும்." போன மாதம் அதை இரவல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர்தான் கெடுத்தார் என்று தெருவில் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பை இப்போது என் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. மேஸ்திரியை இவ்வளவு நேரம் ஏசிய வாய் இதுதான்.

மச்சினனை இப்போது வேறொரு குழுவுக்குக் கயிறு பிடிக்க வைத்திருக்கிறேன். அவர்கள் மிஷினும் இதே பட்டறைக்குத்தான் வருகிறது. அவனுக்கு வாசிக்கத் தெரியும்.

நீங்கள் போனால், உள்ளே நுழைந்ததும் இடதுபக்கச் சுவர், மூன்றாவது ஆணி. கிளம்பும்போது அந்தப் பையை ஒருமுறை எடுத்துத் தூசியைத் தட்டி மறுபடி மாட்டினேன். சீட்டு தெரியும்படி மாட்டினேனா, சுவரைப் பார்க்க மாட்டினேனா என்பதை மட்டும் சொல்லமாட்டேன். போய்ப் பாருங்கள். தப்பாக இருந்தால் திருப்பி வையுங்கள்.